வியாழக்கிழமைச் சாப்பாடு

“பெஹ்னயௌ லெ?”

ரங்கூனில் எந்தச் சோற்றுக்கடைக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது இந்தக் கேள்விதான். எத்தனை பேர்? பையன் ஈரத்துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்பான், தலையைக்கூட நிமிர்த்த மாட்டான். நான் ஒரு விரலைக் காட்டி “தயௌத்தே” என்பேன். ஒருத்திதான். அவன் ஒரு தட்டை எடுத்து வைத்துவிட்டுப் போவான். பன்னிரண்டு வருடமாக, வியாழக்கிழமை மதியங்களில், இந்தச் சொல்லைச் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு முறையும் தோளில் கிடந்த பையை யாரோ வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

எங்கள் வீடு தாம்வேயில். மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள், கொழுந்தனார், அவர் மனைவி, நான். மொத்தம் ஏழு தட்டு. மாமியாரிடம் தமிழ், பிள்ளைகளிடம் பர்மியம், அவசரம் என்றால் இரண்டும் கலந்து. ராத்திரிச் சாப்பாட்டு நேரம் எங்கள் வீட்டில் தினமும் ஒரு விசேஷம் மாதிரி நடக்கும். அந்தச் சத்தம் இல்லாமல் என்னால் இருக்க முடியாது. ஆனால் சாப்பிட்டு முடித்தபின் இன்றைக்குக் கறி எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டால் பதில் வராது. ஒருவருக்கு ரசம் ஊற்ற வேண்டும். இன்னொருவருக்கு அப்பளம் தீர்ந்திருக்கும். சின்னவனுக்கு மீனில் முள் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்குள் என் தட்டில் சோறு ஆறி, ஓரம் காய்ந்துபோயிருக்கும். கை தானாக வாய்க்குப் போகும், வயிறும் நிறையும், நாக்குக்கு மட்டும் சேதி போயிருக்காது.

இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. எங்கள் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டார், அவருடைய அம்மாவும் அப்படித்தான். வேறு மாதிரியும் சாப்பிடலாம் என்று எனக்கு முப்பத்தைந்து வயது வரைக்கும் தெரியாது.

தெரிந்துகொண்டது ஒரு தவறால். 2013இல், நல்ல மழைக்காலம். சூலே பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி இரண்டு தெரு நடந்த பிறகுதான் கையில் கேரியர் இல்லை என்று உறைத்தது. நாலு அடுக்கு எவர்சில்வர் கேரியர், மாமியார் வீட்டுச் சீர். பஸ் போய்விட்டது. மதியம் ஆபீஸில் எல்லோரும் அடுக்கைப் பிரித்து மேசை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவது வழக்கம். பர்மாவில் அது சாதாரணம், என்னையும் கூப்பிட்டார்கள். மாதக் கடைசி, கணக்கு முடிக்கிற வேலை, காலையிலிருந்து பேசிப் பேசி வாய் வலித்தது. “வெளியே போய்ட்டு வந்துடறேன்” என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அதுவரை நான் கடையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. பார்சல் வாங்கியிருக்கிறேன். கணவரோடு, பிள்ளைகளோடு, விருந்தாளிகளோடு போயிருக்கிறேன். அன்றைக்கு வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றபோது உள்ளே இருக்கிற எல்லோரும் என்னையே பார்ப்பதாகத் தோன்றியது. பார்க்கவில்லை. அவரவர் தட்டை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் பிடித்துக்கொள்ளப் போன்கூட கிடையாது. 1,500 கியாட்டுக்கு சிம் கார்டு எல்லோருக்கும் கிடைக்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருடம்தான், அதற்கு முன் அது எங்களைப் போன்றவர்கள் வாங்குகிற பொருளே இல்லை. இப்போது நினைத்தால் போன் இல்லாதது என் அதிர்ஷ்டம். பார்ப்பதற்கு எதிரே சாப்பாடு மட்டும்தான் இருந்தது.

பர்மியச் சோற்றுக்கடையைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பக்கம் நீளமாக அலுமினியச் சட்டிகள் வரிசையாக இருக்கும். கோழி, ஆடு, பன்றி, இறால், மூன்று நாலு வகை மீன், முட்டை. மெனு கார்டு தேவையில்லை, மூடியைத் திறந்து காட்டுவார்கள், விரலை நீட்டினால் போதும். ஒவ்வொரு சட்டியிலும் மேலே சிவப்பாக எண்ணெய் நிற்கும். சுற்றுலா வருகிறவர்கள் அதைப் பார்த்து முகம் சுளிப்பதைக் கவனித்திருக்கிறேன். நம் வீட்டில் “எண்ணெய் பிரிஞ்சு வர்ற வரைக்கும் வதக்கு” என்று சொல்கிறோம் இல்லையா, அதேதான். இவர்கள் அதற்கு ‘சீப்யான்’ என்று பேர் வைத்திருக்கிறார்கள், எண்ணெய் திரும்பி வந்தது என்று அர்த்தம். தண்ணீர் முழுக்க வற்றி எண்ணெய் மேலே வந்தால்தான் கறி வெந்ததாகக் கணக்கு. காலையில் வைத்த கறி மதியம் வரைக்கும் கெடாமல் இருப்பதும் அதனால்தான். எண்ணெய் வேண்டாம் என்றால் கரண்டியால் ஒதுக்கிவிட்டு அடியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம்.

நான் கோழிக்கறி ஒன்றைக் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை மாற்றியது. நான் கேட்டது ஒரு சின்னக் கிண்ணம் கறி. பையன் அதோடு ஒரு தட்டு நிறையப் பச்சைக் காய்களும் கீரைகளும் கொண்டு வந்தான். நடுவில் ஙப்பித் தண்ணீர், அதாவது புளிக்க வைத்த மீனைக் கரைத்த தொட்டுக்கை. புளிச்சக்கீரையும் மூங்கில் குருத்தும் போட்டு வதக்கிய ஒரு பொரியல். புளிப்பாக ஒரு சூப். பொரித்த மிளகாய். ஏற்கெனவே மேசை மேல் பிளாஸ்கில் பச்சைத் தேநீர் இருந்தது. சோறு கேட்கக் கேட்க வரும். சுற்றிலும் ஏழு எட்டுக் கிண்ணம், நடுவில் நான். இந்த ஊர்ச் சாப்பாட்டுக்கு அதுதான் முறை. ஒரு கறி வாங்கினால் மற்றதெல்லாம் கூடவே வரும். பத்துப் பேர் வந்தாலும் ஒருத்தி வந்தாலும் மேசையை நிரப்பித்தான் வைப்பார்கள். எனக்கென்று ஒரு மேசையை இன்னொருவர் நிரப்பி வைத்து என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கண் கலங்கிவிட்டது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

சோறு சூடாக இருந்தது. முதல் கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்ததும் வெங்காயம் கரைந்த இனிப்பு தெரிந்தது, அப்புறம் இஞ்சி, அப்புறம் மெல்ல மஞ்சளின் கசப்பு. கோழிக்கறி எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன், சமைத்தும் இருக்கிறேன். அதில் இத்தனை ருசி ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று கவனிக்க எனக்கு நேரம் வாய்த்ததில்லை. முடிவில் ஒரு தட்டில் பனைவெல்லக் கட்டிகள் கொண்டு வைத்தான். ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு மழை விடுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

ஙப்பி என்று எழுதும்போது ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கோயில் திண்ணையில் எங்களுக்குத் தமிழ் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தபோது அ வரிசைக்கு அம்மா, க வரிசைக்குக் காகம் எல்லாம் சரியாக வரும், ங வந்ததும் வாத்தியார் வேகமாகத் தாண்டிவிடுவார். ஆனால் பர்மாவில் பிறந்த பிள்ளைக்கு ங-வில் சொல்லா இல்லை? மீன் ஙா. அதை அமுக்கிப் புளிக்க வைத்தால் ஙப்பி. வாழைப்பழம் ஙப்யோ. மிளகாய் ஙயோ. எங்கள் அடுப்படியில் பாதி அந்த எழுத்தில்தான் இருக்கிறது. ஒருநாள் பின்பெஞ்சிலிருந்து யாரோ “ஙப்பி!” என்று கத்த, வாத்தியாரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு வாரம் ஒருநாள் கேரியர் எடுத்துக்கொண்டு போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம், அதனால் வியாழன் மீனுக்கு நல்ல நாள். முதல் ஒரு வருடம் பர்மியக் கடைகளுக்கு மட்டும்தான் போனேன். அங்கே நான் யாரோ ஒரு அக்கா. அனோரதா சாலைப் பக்கம் இருக்கிற நம் ஆட்களின் சாப்பாட்டுக் கடைக்குப் போக மட்டும் கால் வரவில்லை. அங்கே நான் இன்னார் மருமகள்.

ஆனாலும் ஒருநாள் சாம்பார் ஆசை பிடித்து இழுத்தது. போனேன். தட்டில் சோறு, சாம்பார், கூட்டு, ரசம், அப்பளம். பரிமாற வந்தவர் ஊற்றாமல் கரண்டியைப் பிடித்துக்கொண்டே நின்றார். “என்னக்கா, தனியாவா வந்தீங்க? வீட்ல யாரும் வரலையா? அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?” அவர் நல்ல மனசோடுதான் கேட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் ஆட்களுக்குச் சாப்பாடு என்றால் பந்தி. வரிசையாக இலை, வரிசையாக ஆள். பந்தியில் ஒற்றை இலை போட்டால் வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் மனம் போகும். அன்று மாலை நான் தாம்வே போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

மாமியார் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது கேட்டார்.

“யார் காசு?”

“என் சம்பளம்தான் அத்தை.”

“சூடா இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார். சின்ன வயதில் பெகூ ஸ்டேஷனில் தலையில் கூடை வைத்துக்கொண்டு பருப்பு வடை விற்றாராம். மாந்தலே போகிற ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்தில் ஜன்னல் ஜன்னலாக ஓட வேண்டும். பிளாட்பாரத்தில் ஒரு டீக்கடை. அதில் பெஞ்சு போட்டிருக்கும். வடை சுட்ட கை, வடை விற்ற கை, ஆனால் ஒருநாளும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. “உக்காந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப தோணுது” என்றார். அதற்குமேல் அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சு இல்லை. அடுத்த வியாழக்கிழமை காலையில் கேரியர் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது.

அவர் சொன்ன அந்த பெஞ்சு என் மனதை விட்டுப் போகவில்லை. அதிலிருந்துதான் இந்த ஊர்க் கடைகளைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். யாருக்காகப் போட்ட பெஞ்சுகள் இவை?

1931 கணக்கெடுப்பின்போது ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் பெண்கள் மிகக் குறைவு. தமிழ், தெலுங்கு, ஒரியா பேசுகிற ஆண்கள் கப்பலேறி வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், அரிசி மில்லில் வேலை செய்தார்கள், அறுவடைக்கு வயல்களுக்குப் போனார்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். பத்துப் பேர் ஒரே அறையில் முறை வைத்துத் தூங்கினார்கள். அடுப்பு வைக்க இடம் ஏது? சோற்றுக்கடை இல்லாவிட்டால் பட்டினிதான். என் தாத்தாவும் அப்படி வந்தவர். பர்மாவின் டீக்கடைகளும் அந்தக் காலத்தில் வந்த இந்தியர்கள் போட்டதிலிருந்து வளர்ந்தவைதான். பாலும் சர்க்கரையும் தூக்கலாகப் போட்ட டீ, பலத்தா என்று இங்கே பேர் மாறிய பரோட்டா, தோசே, சமூசா எல்லாம் அவர்களோடு கரையிறங்கின. 1871இல் கட்டிய காளி கோயில் இன்றும் அனோரதா சாலையில் நிற்கிறது. கும்பிட்டுவிட்டு அந்தத் தெருக்களில் ஒரு கடைக்குள் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போன ஆயிரமாயிரம் பேரை நினைத்துப் பார்க்கிறேன். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது இந்தியாவுக்கு நடந்தே போனவர்கள் போக, 1964க்குப் பிறகு கடை கண்ணியை அரசாங்கம் எடுத்துக்கொண்டதால் கப்பலேறியவர்கள் போக, மிச்சம் நாங்கள். அவர்கள் வேறு வழியில்லாமல் தனியாகச் சாப்பிட்டார்கள். நான் விரும்பிப் போய் உட்கார்கிறேன். அந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தனியாக வருகிறவருக்குச் சோறு போட என்றே இந்த ஊரில் கடைகள் உண்டாயின என்பதும் உண்மை. “தயௌத்தே” என்று சொல்லும்போது நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே இன்னொரு சொல். பர்மியத்தில் நாற்காலிக்குப் பேர் ‘கலத்தைங்’. கலா என்பது எங்களைக் குறிக்கிற சொல். யார், எந்தக் குரலில் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது காதில் சும்மா விழும், இல்லாவிட்டால் குத்தும். எனக்குப் பெரும்பாலும் குத்தியிருக்கிறது. தைங் என்றால் உட்கார். கலாக்காரன் உட்காருவது எதுவோ அது நாற்காலி. பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்த பிள்ளைகளை மறக்கவில்லை. இப்போது சோற்றுக்கடையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது இதில் உட்கார எனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்கிறேன்.

காலை நேரத்து மொஹிங்கா தனியாகச் சாப்பிடுகிறவர்களுக்கென்றே பிறந்த சாப்பாடு. நினைத்தால் ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுவேன். முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலி, அதற்கு ஏற்ற குட்டி மேசை, எதிரே பெரிய அண்டா. கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்து, எலுமிச்சைப்புல், இஞ்சி, பூண்டு, வெங்காயம் சேர்த்துக் கொதிக்க விட்ட குழம்பு. வறுத்த அரிசி மாவோ கடலை மாவோ கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கியிருப்பார்கள். உள்ளே வட்ட வட்டமாக வாழைத்தண்டு. கீழே அரிசி நூடுல்ஸ், மேலே உடைத்துப் போட்ட பருப்பு வடை அல்லது சுரைக்காய் பஜ்ஜி, வாத்து முட்டை, கொத்தமல்லி, எலுமிச்சம்பழம். வடை ஊறுவதற்குள் பாதியை மொறுமொறுப்பாகத் தின்றுவிட வேண்டும், மீதி ஊறிய பிறகு தின்ன வேண்டும். இது இரண்டு மூன்று நிமிட விஷயம். யாராவது பேசிக்கொண்டிருந்தால் அந்த நேரம் தவறிவிடும். மொஹிங்காக் கடையில் சத்தமே இருக்காது, கவனித்துப் பாருங்கள்.

சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பிய எங்கள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு தடவை போயிருந்தபோது பீச் ஸ்டேஷன் பக்கம் சாயங்காலத்தில் அத்தோ விற்கிற வண்டிகளுக்குக் கூட்டிப் போனார்கள். அதோக் என்கிற பர்மியச் சொல் அங்கே அத்தோ ஆகியிருக்கிறது. கையால் பிசைந்து தருவதற்கு இங்கே அந்தப் பேர். கூடவே வாழைத்தண்டு சூப். ஆறு பேர் என்னைச் சுற்றி நின்றுகொண்டு “எப்படி இருக்கு, எப்படி இருக்கு” என்று கேட்டார்கள். அன்பில் கேட்டார்கள், நல்லா இருக்கு என்று சொன்னேன். மறுநாள் யாருக்கும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போய் இன்னொரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்போதுதான் அது ரங்கூனில் சாப்பிடுவது மாதிரி இல்லை, அதுவும் ஒரு தனி நல்ல ருசி என்று பிடிபட்டது.

டீக்கடைக்கு வருவோம். ஒரு காலத்தில் அது ஆண்கள் இடம். இப்போது பெண்கள் நிறைய வருகிறோம். டீ சொல்வதற்கே ஒரு மொழி இருக்கிறது. இனிப்பும் பாலும் தூக்கல் என்றால் சோசெயின், டிகாக்ஷன் தூக்கலாகப் பாலோடு வேண்டும் என்றால் ச்சாசெயின். எனக்கு இரண்டாவது. கேட்காமலே தட்டுத் தட்டாகப் பலகாரம் கொண்டு வந்து மேசையில் பரப்பிவிடுவார்கள். தின்றதற்கு மட்டும் காசு, மீதியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். கூட யாராவது இருந்தால் அவர் எடுத்தால் நாமும் எடுப்போம், மரியாதைக்கு ஒன்று, பேச்சுவாக்கில் ஒன்று. தனியாக இருக்கும்போதுதான் எனக்கு உண்மையில் சமூசா வேண்டுமா, இல்லை டீ மட்டும் போதுமா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரிய வந்தது இப்படித்தான்.

அங்கே வேலை செய்கிற பையன்களைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். ஐராவதி டெல்டா கிராமங்களிலிருந்து வருகிறார்கள், சிலருக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதுதான் இருக்கும். விடியும் முன் எழுந்து, ராத்திரி மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு அதன் மேலேயே தூங்குகிறவர்கள். மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும் ஒவ்வொருவராகப் பின்கட்டுக்குப் போய்க் குந்திச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஒரு பையனிடம் “மௌங்லே, சாப்பிட்டியா?” என்று கேட்டேன். பர்மியர்களும் நம்மைப் போலவே பார்த்ததும் கேட்கிற கேள்விதான் அது, பதிலுக்காகக் கேட்பதில்லை. அவன் நின்று, யோசித்து, “இன்னும் இல்லை அக்கா” என்றான். என் தாத்தா இந்த ஊரில் இறங்கும்போது எத்தனை வயதோ. என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. பெயரைக் கேட்டு வைத்துக்கொள்கிறேன், அடுத்த வாரம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், மிச்சக் காசை அவன் கையிலேயே கொடுக்கிறேன்.

எல்லா இடமும் இப்படி இருக்காது. சில வருடங்களுக்கு முன் சம்பள உயர்வு வந்த சந்தோஷத்தில் ஏசி போட்ட ஒரு பெரிய உணவகத்துக்குப் போனேன். வாசலில் நின்ற பெண் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள், இன்னொருவரைத் தேடி. ஒருத்திதான் என்றதும் கழிப்பறைக் கதவை ஒட்டிய மேசைக்குக் கூட்டிப் போனாள். ஜன்னல் ஓரம் ஐந்து மேசை காலி. முதலில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து, “எனக்கு அந்த ஜன்னல் மேசை வேண்டும்” என்றேன். மேலாளரைக் கேட்க வேண்டும் என்றார்கள். கேளுங்கள், நிற்கிறேன் என்றேன். நின்றேன். கொடுத்தார்கள். அங்கே கறிகளெல்லாம் நாலு பேர் பகிர்கிற அளவில்தான் வரும், ஒருவருக்குப் பாதி தர மாட்டார்களாம். தனியாக வருகிறவரின் காசும் காசுதானே, அவருக்கென்று சின்னக் கிண்ணம் வைப்பதில் என்ன கஷ்டம் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

ஒரு முள் மட்டும் நீண்ட நாள் உறுத்திக்கொண்டிருந்தது. திண்ணை வகுப்பில் படித்த ஒரு குறள். சேர்த்து வைத்ததைத் தானே தனியாக இருந்து உண்பது பிச்சை எடுப்பதைவிடக் கொடியது என்று சொல்கிறது அது. வியாழக்கிழமைகளில் முதல் கவளம் எடுக்கும்போது வாத்தியார் குரல் காதில் கேட்கும். பிறகு பொறுமையாக யோசித்துப் பார்த்தேன். அந்தக் குறள் ஈகை அதிகாரத்தில் இருக்கிறது. கொடுக்க மனம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு தின்கிறவனைப் பற்றிய பேச்சு அது. நான் உட்கார்ந்திருப்பது கதவே இல்லாத கடையில். எதிர் நாற்காலியில் முகம் தெரியாத ஒரு பெரியவர் வந்து உட்காருவார், ஙப்பிக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி வைப்பேன், பிளாஸ்கை அவர் என் பக்கம் நகர்த்துவார். பெயர் தெரியாது, பேச்சு கிடையாது. வீட்டில் ஏழு பேருக்குப் போட்ட கை ஒருநாள் தனக்கும் போட்டுக்கொண்டால் வள்ளுவர் கோபிக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

பர்மியர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. சாப்பிடும்போது கறியில் முதல் நல்ல துண்டை எடுத்துப் பெரியவர் தட்டில் வைத்த பிறகுதான் மற்றவர் கை வைப்பார்கள். பெரியவர் வீட்டில் இல்லாவிட்டாலும் பானையிலிருந்து முதல் கரண்டிச் சோற்றை அவருக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பரிமாறுவார்கள். நம் வீட்டில் காக்கைக்கு வைக்கிறோம். கடையில் தனியாக உட்காரும்போது நானும் தட்டின் ஓரத்தில் ஒரு கவளம் தள்ளி வைக்கிறேன். சில நாள் அது தாத்தாவுக்கு, சில நாள் பெகூ ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஓடிய அந்தச் சின்னப் பெண்ணுக்கு. கடைசியில் நானே சாப்பிட்டுவிடுவேன், வீணாக்கக் கூடாது.

2020இல் கடைகளில் உட்கார விடாமல் பார்சல் மட்டும் கொடுத்த மாதங்களில் எனக்கு உண்மையில் உடம்பு வலித்தது மாதிரி இருந்தது. அதே கறியை வாங்கி வந்து வீட்டில் சாப்பிட்டேன். அது வேறு சாப்பாடு. அதற்கப்புறம் வந்த வருடங்களைப் பற்றி நிறையச் சொல்ல விரும்பவில்லை. எண்ணெய் விலை ஏறிவிட்டது, கிண்ணங்கள் சிறுத்துவிட்டன, எனக்குப் பழக்கமான இரண்டு கடைகள் மூடிவிட்டன. மின்சாரம் வருகிற நேரத்தை வைத்துத்தான் ஊரில் எல்லாம் நடக்கிறது. வியாழக்கிழமை சில மாதங்களில் இரண்டு தடவையாகக் குறைந்துவிட்டது. ஆனால் நிற்கவில்லை.

போன வாரம் மகள் கேட்டாள். பதினாறு வயது. “நானும் வரேம்மா, லீவுதானே.” எனக்கு ஒரு நொடி தடுமாற்றம். “சனிக்கிழமை உன்னைக் கூட்டிட்டுப் போறேன். வியாழக்கிழமை எனக்கு” என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள். கோபமில்லை. “சரி, அப்ப எனக்கு ஒரு கிழமை வேணும்” என்றாள். எந்தக் கிழமை என்று யோசித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை நான் உல்லம் மீன் வாங்கினேன். பர்மியத்தில் ஙத்தலௌ. முள்ளே மீனாகப் பிறந்தது. சில கடைகளில் காடி ஊற்றி மணிக்கணக்காக அடுப்பில் வைத்து முள் கரைகிற வரைக்கும் வேகவிடுவார்கள், அதுவும் நன்றாக இருக்கும். எனக்கு முள்ளோடு இருக்கிற குழம்புதான் வேண்டும். வீட்டில் இந்த மீனை நான் ருசித்ததே இல்லை, எல்லோருக்கும் முள் எடுத்துக் கொடுத்து முடிக்கும்போது எனக்குத் தலைப்பக்கம்தான் மிஞ்சும். இங்கே நடுத்துண்டு. மெல்ல விண்டு, விரல் நுனியால் தடவிப் பார்த்து, மயிர் போன்ற முள்ளை ஒவ்வொன்றாக உருவித் தட்டின் ஓரத்தில் அடுக்கி, வெறும் சதையை நாக்கில் வைத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கிறது.

பாதி சாப்பிட்டிருந்தபோது கரண்டு போய்விட்டது. நீளமான, ஜன்னல் இல்லாத பழைய கட்டிடம், வெளியே மழை இருட்டு, பட்டப்பகலில் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்துக் கடையில் ஜெனரேட்டர் உறுமியது, இந்தக் கடையில் இல்லை. யாரும் எழுந்திருக்கவில்லை. தட்டில் கரண்டி படுகிற ஓசை மட்டும் கேட்டது. பையன் மெழுகுவர்த்திகளைக் கொளுத்திக்கொண்டு வந்தான், போதவில்லை, இரண்டு மேசைக்கு ஒன்று. எதிரே இருந்த பெரியவர் மெழுகுவர்த்தியைத் தன் பக்கம் இழுக்கப் போனவர் என் தட்டில் மீனைப் பார்த்துவிட்டு அதை என் பக்கமே நகர்த்தி வைத்தார். “ஙத்தலௌவா, பார்த்து” என்றார். தலையாட்டினேன். நடுத்துண்டு இன்னும் பாதி இருந்தது. பையனைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.